தீக்காயத்தை அழுகையால் அளக்காதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தீபாவளிக்கு முந்தைய வாரம் எல்லா நாளிதழ்களிலும் பட்டாசு எச்சரிக்கை வந்துவிடும்: பருத்தி உடை உடுத்துங்கள், பக்கத்தில் ஒரு வாளி தண்ணீர் வையுங்கள், பிள்ளைகளைத் தனியாக விடாதீர்கள். எல்லாம் சரிதான். ஆனால் மேலே பட்டுவிட்டால் அடுத்த 20 நிமிடம் என்ன செய்வது என்பது ஒற்றை வரியில் முடிந்துபோகும். தீக்காயப் பிரிவில் பணிபுரியும் செவிலியர்கள் நாங்கள். அந்த 20 நிமிடத்தையும், அதைத் தொடரும் வாரங்களையும் பற்றிக் கொஞ்சம் விரிவாக எழுத இடம் தர வேண்டுகிறோம். பட்டாசு வருடத்துக்கு ஒரு முறை. அடுப்படி வருடம் முழுக்க. ஆகவே இது பண்டிகைக்கு மட்டுமான கடிதம் அல்ல.

வீடுகளில் தீக்காயத்தை அழுகையை வைத்து அளக்கிறார்கள். பிள்ளை வீறிட்டு அழுதால் பெரிய காயம். பெரியவர் பேசாமல் உட்கார்ந்திருந்தால் லேசான காயம். தோலைப் பொறுத்தவரை இந்தக் கணக்கு பல நேரங்களில் தலைகீழ். வலியை உணரும் நரம்பு நுனிகள் தோலுக்குள்ளேதான் இருக்கின்றன. மேலாக வெந்தால் அவை உயிரோடு இருந்து துடிக்கும். தோல் முழு ஆழத்துக்கும் வெந்துபோனால் நரம்பு நுனிகளும் சேர்ந்து செத்துவிடும். பிறகு ஊசியால் தொட்டால்கூடத் தெரியாது. "வலியே இல்லை சிஸ்டர், நாளைக்கு வர்றேன்" என்று ஒருவர் சொன்னால் நாங்கள் கவலைப்படுவது அதனால்தான்.

ஆழத்தைக் கண்ணால் பார்த்தே ஓரளவு சொல்லிவிடலாம். மேல்தோல் மட்டும் வெந்தால் அந்த இடம் சிவந்து, வறண்டு, எரியும், கொப்புளம் இருக்காது. ஒரு வாரத்துக்குள் தோல் உரிந்து ஆறிவிடும். அதற்கு அடுத்த ஆழத்தில் கொப்புளம் எழும். அது உடைந்தால் அடியில் ஈரமான இளஞ்சிவப்புச் சதை தெரியும், காற்றுப் பட்டாலே எரியும். விரலால் அழுத்தினால் வெளுத்து, விட்டதும் மறுபடி சிவக்கும். இது இரண்டு வாரத்தில், தாமதமானால் மூன்று வாரத்தில் ஆறும். இன்னும் ஆழமாகப் போனால் கொப்புளத்துக்கு அடியில் வெளிறியும் கருஞ்சிவப்புத் திட்டுகளுமாக இருக்கும். அழுத்தினால் நிறம் மாறாது. கை வைத்தால் அழுத்தம் தெரியும், குத்தினால் வலி அவ்வளவாகத் தெரியாது. கடைசி வகை, மெழுகு போல வெளுத்தோ, பதனிட்ட தோல் போலப் பழுப்பேறியோ, கரிந்தோ இருக்கும். தொட்டால் விறைப்பாக இருக்கும். இது தானாக மூடாது. தோல் ஒட்டு, அதாவது உடம்பின் வேறு இடத்திலிருந்து தோலை எடுத்து ஒட்டுவது, வேண்டும்.

இதில் ஒரு சிக்கல். வெள்ளைத் தோலை மனதில் வைத்து எழுதிய பாடங்களில் 'சிவப்பு' என்று போட்டிருக்கும். நம் மாநிறத்திலும் கறுப்பிலும் அந்தச் சிவப்பு சட்டென்று தெரியாது. தோல் இன்னும் கறுத்தது போலத்தான் இருக்கும். பக்கத்துத் தோலோடு ஒப்பிட்டு, புறங்கையை வைத்துச் சூட்டைப் பார்த்தே சொல்ல வேண்டியிருக்கும்.

இன்னொன்று, முதல் நாள் பார்த்த ஆழம் நிலையானதல்ல. 1953இல் ஜாக்சன் என்ற பிரிட்டிஷ் அறுவை மருத்துவர் விளக்கியபடி, காயத்தின் நடுவில் செத்துப்போன பகுதி இருக்கும். அதைச் சுற்றி ரத்த ஓட்டம் மந்தமாகி, பிழைக்கவும் சாகவும் சம வாய்ப்புள்ள ஒரு வளையம் இருக்கும். உடல் நீர் வற்றினாலோ, கிருமி ஏறினாலோ, ஐஸ் வைத்தாலோ அந்த வளையமும் செத்து, காயம் இரண்டு மூன்று நாளில் ஆழமாகும். "நேற்று நன்றாகத்தான் இருந்தது, கட்டுப் போட்ட பிறகுதான் மோசமாச்சு" என்று சண்டைக்கு வருகிறவர்கள் இதைத் தெரிந்துகொள்வது நல்லது. மூன்றாம் நாள் கட்டைப் பிரித்து மறுபடி பார்ப்பது அதற்காகத்தான்.

அந்த வளையத்தைக் காப்பாற்ற வீட்டில் இருப்பவர்கள் செய்யக்கூடிய மிகப் பெரிய உதவி தண்ணீர். ஓடும் தண்ணீரில் 20 நிமிடம், கடிகாரத்தைப் பார்த்து. எரிச்சல் குறைந்ததும் இரண்டு நிமிடத்தில் கையை எடுத்துவிடுகிறார்கள். மேலே சூடு தணிந்தாலும் தோலுக்கு அடியில் வெப்பம் இறங்கிக்கொண்டேதான் இருக்கும். உடனே முடியாமல் போனாலும் மூன்று மணி நேரத்துக்குள் செய்தால் பலன் உண்டு. பகல் பன்னிரண்டு மணிக்கு மொட்டை மாடித் தொட்டியிலிருந்து வரும் தண்ணீர் கொதிக்கும் என்பதை நினைவில் வையுங்கள். சிறிது நேரம் திறந்துவிட்டுக் கையில் பார்த்து, பிறகு காயத்தில் விடுங்கள். அப்போதும் சுட்டால் கிணற்று நீரையோ பானைத் தண்ணீரையோ சொம்பால் மெல்ல ஊற்றிக்கொண்டே இருக்கலாம். குழாயை வேகமாகத் திறந்து கொப்புளத்தின் மேல் நேராக அடிக்க வேண்டாம். சற்று மேலே விழுந்து வழிந்து வரட்டும். ஐஸ் கூடவே கூடாது. அது ரத்தக் குழாய்களைச் சுருக்கி, மந்தமான வளையத்தைக் கொன்றுவிடும்.

குழந்தைகளுக்கும், உடம்பில் பெரும் பகுதி வெந்தவர்களுக்கும் தண்ணீர் ஊற்றும்போது உடல் முழுவதும் குளிர்ந்துபோகும் ஆபத்து உண்டு. காயத்தில் மட்டும் தண்ணீர். மற்ற இடத்தைப் போர்வையால் மூடுங்கள். நடுங்க ஆரம்பித்தால் நிறுத்திவிடுங்கள்.

தண்ணீர் ஓடும்போதே மோதிரம், வளையல், கடிகாரம், மெட்டி, கொலுசு, அரைஞாண் கயிறு எல்லாவற்றையும் கழற்றிவிடுங்கள். அரை மணி நேரம் போனால் கை வீங்கி மோதிரத்தை அறுக்க வேண்டிவரும். அதற்குள் விரலுக்கு ரத்தம் நின்றுபோகலாம். சென்டிமென்ட் பார்த்து மெட்டியை விட்டுவைக்கிறார்கள். கால் வெந்திருந்தால் அதையும் கழற்றித்தான் ஆக வேண்டும். சூடான குழம்போ எண்ணெயோ ஊறிய துணியையும் உடனே களையுங்கள், அது சூட்டைப் பிடித்துவைத்திருக்கும். நைலான், பாலியஸ்டர் உருகித் தோலோடு ஒட்டியிருந்தால் மட்டும் இழுக்காதீர்கள். சுற்றிலும் கத்தரித்துவிட்டு, ஒட்டிய துண்டின் மேல் தண்ணீர் ஊற்றிக்கொண்டே வாருங்கள்.

பிறகு மூடுவது. துவைத்து வெயிலில் காய்ந்த பழைய பருத்தி வேட்டி போதும். சமையலறையில் உணவு சுற்றும் மெல்லிய பிளாஸ்டிக் தாள் இருந்தால் அது இன்னும் நல்லது. முதல் சுற்றைக் கிழித்துப் போட்டுவிட்டு, காயத்தின் மேல் தாளைப் பரப்பி வையுங்கள். கையையோ காலையோ சுற்றி இறுக்காதீர்கள், வீக்கம் வரும். இந்தத் தாள் காயத்தில் ஒட்டாது, ஈரம் காயாது, பிரிக்காமலேயே மருத்துவர் உள்ளே பார்க்கலாம். பஞ்சு வேண்டாம். அதன் இழைகளை ஒவ்வொன்றாக இடுக்கியால் எடுப்பது நோயாளிக்கும் எங்களுக்கும் தண்டனை.

இனி, பூசுகிற சங்கதி. பற்பசை, பேனா மை, காபித்தூள், இட்லி மாவு, முட்டை வெள்ளைக்கரு, மஞ்சள், தேங்காய் எண்ணெய், புளிக்கரைசல் என்று நாங்கள் கழுவி எடுக்காத பொருள் சமையலறையில் மிகக் குறைவு. பற்பசையில் இருக்கும் புதினா குளிர்ச்சி ஐந்து நிமிடம் ஏமாற்றும். பிறகு காய்ந்து, கொப்புளத்தோடு சேர்ந்து உரியும். மாவு புளிப்பதே கிருமிகளால்தான். அதைத் திறந்த புண்ணில் அப்புவானேன்? மையும் மஞ்சளும் நிறம் ஏற்றிவிடுவதால் மேலே சொன்ன ஆழத்தைக் கணிக்கவே வழியில்லாமல் போகிறது. தேய்த்துக் கழுவித்தான் பார்க்க வேண்டும், அந்த வலி வீட்டார் போட்டது. எண்ணெய் சூட்டை உள்ளேயே அடைத்துவிடும். கற்றாழைக்கு மட்டும் ஒரு சலுகை: கொப்புளமே இல்லாத வெறும் சிவப்பில், தண்ணீரில் நன்றாகக் குளிர்வித்த பிறகு தடவிக்கொள்ளலாம்.

வாழையிலையைப் பற்றிப் பலர் கேட்கிறார்கள். வெந்த உடம்பை வாழையிலையில் கிடத்துவது நம் ஊர் வழக்கம், அதில் விஷயம் இருக்கிறது. கிருமிநீக்கம் செய்த வாழையிலை புண்ணில் ஒட்டாது, பிரிக்கும்போது வலிக்காது என்று 2003இல் இந்திய மருத்துவர்களே ஆய்வு செய்து எழுதியிருக்கிறார்கள். ஆனால் அது ஆட்டோகிளேவில், அதாவது அழுத்த நீராவியில் கிருமி நீக்கும் கருவியில், வைத்து எடுத்த இலை. கொல்லையிலிருந்து தூசியும் எறும்புமாக அறுத்து வருவதற்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

மருந்துக் கடையில் 'தீப்புண்' என்றதும் எடுத்துத் தருவது வெள்ளை நிற சில்வர் சல்ஃபாடயசின் கிரீம். கெட்ட மருந்தல்ல, ஆனால் எல்லாவற்றுக்கும் உரியதும் அல்ல. அது காயத்தின் மேல் சாம்பல் நிறப் படலமாகப் படிந்து, ஆழத்தை மறைக்கும். சாதாரணக் கொப்புளக் காயம் இதனால் ஆறத் தாமதமாகவும் செய்யலாம். ஒவ்வொரு நாளும் பழைய கிரீமைக் கழுவி எடுத்துவிட்டுத்தான் புதிதாகப் போட வேண்டும். மேலே மேலே பூசுவதால் பயனில்லை. சல்ஃபா ஒவ்வாமை உள்ளவர், நிறைமாதக் கர்ப்பிணி, இரண்டு மாதம் நிரம்பாத குழந்தை ஆகியோருக்கு ஆகாது. மருத்துவமனைக்குப் போவதென்று முடிவெடுத்தால் எதையும் பூசாமல் வாருங்கள்.

போவதா வேண்டாமா என்று எப்படி முடிவெடுப்பது? பரப்பை அளக்க நோயாளியின் சொந்த உள்ளங்கையை, விரல்களைச் சேர்த்து, ஒரு சதவீதம் என்று வைத்துக்கொள்ளுங்கள். குழந்தையின் காயத்தைக் குழந்தையின் கையால்தான் அளக்க வேண்டும். வெறும் சிவப்பைக் கணக்கில் சேர்க்காதீர்கள். கொப்புளமும் அதற்கு மேற்பட்டதும்தான் கணக்கு. பெரியவருக்கு 10 சதவீதம், குழந்தைக்கு 5 சதவீதம் வந்துவிட்டால் தீக்காயப் பிரிவு உள்ள மருத்துவமனைக்குப் போக வேண்டும். முகம், கை, பாதம், பிறப்புறுப்பு, மூட்டுகளில் பட்டிருந்தால் பரப்பு எவ்வளவு சிறிதானாலும் காட்டுங்கள். கையையோ காலையோ வளையம் போலச் சுற்றி வெந்திருந்தாலும் அப்படியே. விறைத்த தோல் இறுகி உள்ளே ரத்த ஓட்டத்தை நிறுத்திவிடும், கத்தியால் கீறி இளக்க வேண்டும். மூடிய அறையில் புகைக்குள் மாட்டியவரின் குரல் கரகரத்தாலோ, மூக்கு முடி பொசுங்கியிருந்தாலோ, சளியில் கரி வந்தாலோ, அவர் நன்றாகப் பேசிக்கொண்டிருந்தாலும் 108ஐ அழையுங்கள். தொண்டை வீங்கி மூச்சு அடைக்கச் சில மணி நேரம் ஆகலாம்.

பெரிய காயத்தோடு வருபவர்களிடம் நாங்கள் முதலில் கேட்பது எத்தனை மணிக்குப் பட்டது, எடை எவ்வளவு என்ற இரண்டையும்தான். வெந்த பரப்பு வழியே உடலின் நீர் கசிந்து, ரத்த அழுத்தம் இறங்கி, சிறுநீரகம் கெடும். அதை ஈடுகட்ட ரிங்கர் லாக்டேட் சலைன் ஏற்றுவதற்கு ஒரு தொடக்கக் கணக்கு உண்டு: எடை கிலோவில், காயம் சதவீதத்தில், இரண்டையும் பெருக்கி நான்கால் பெருக்கினால் 24 மணி நேரத்துக்கான மில்லி. 60 கிலோ ஆளுக்கு 30 சதவீதம் என்றால் 7,200 மில்லி. அதில் பாதி, அதாவது 3,600 மில்லி, முதல் எட்டு மணி நேரத்தில் போக வேண்டும். எட்டு மணி நேரம் என்பது காயம் பட்ட நேரத்திலிருந்து, மருத்துவமனைக்கு வந்த நேரத்திலிருந்து அல்ல. மூன்று மணி நேரம் தாமதமாக வந்தால் அந்த 3,600 மில்லியை மீதி ஐந்து மணி நேரத்தில் ஏற்ற வேண்டும், மணிக்கு 720. "சாயங்காலம் போல" என்ற பதிலை வைத்து இதைப் போட முடியாது. நேரத்தைப் பேனாவால் ஒரு சீட்டில் எழுதிக் கொடுத்தனுப்புங்கள். அதன்பின் அளவைக் கூட்டுவதும் குறைப்பதும் சிறுநீரைப் பார்த்து. பெரியவருக்கு மணிக்கு, கிலோவுக்கு அரை மில்லி சிறுநீர் போக வேண்டும். குழந்தைக்கு ஒரு மில்லி. வழியில் தாகம் என்று சொம்பு சொம்பாகத் தண்ணீர் கொடுக்காதீர்கள், வாந்தி எடுக்கும், ரத்தத்தில் உப்பும் குறையும். பயணம் நீண்டு, ஆளும் தெளிவாக இருந்தால் ஓஆர்எஸ் கரைசலைச் சிறு மடக்குகளாகக் கொடுக்கலாம்.

சிறிதாகத் தெரிந்து ஏமாற்றும் காயங்கள் சில. மின்சாரம் முதலில். உள்ளங்கையில் ஒரு கரும்புள்ளி, பாதத்தில் ஒன்று. நடுவில் தசை வெந்திருக்கும். சிறுநீர் கோலா நிறத்தில் போனால் தசை சிதைந்து சிறுநீரகத்தை அடைக்கிறது என்று பொருள். இதயத்துடிப்பும் தாறுமாறாகலாம், ஆகவே இசிஜி கட்டாயம். மெயினை அணைக்காமல் யாரும் தொடாதீர்கள்.

அடுத்தது சுண்ணாம்பு. சுட்ட சுண்ணாம்புத் தூள் மேலே கொட்டினால் முதலில் உலர்ந்த துணியால் தட்டி உதறிவிட வேண்டும். உதறாமல் கொஞ்சமாகத் தண்ணீர் ஊற்றினால் அங்கேயே வெந்து சூடாகும். உதறிய பிறகு நிறைய தண்ணீர். வெற்றிலைச் சுண்ணாம்புப் பாக்கெட்டைக் குழந்தை அமுக்கி அது கண்ணில் தெறித்தால் இமையை விரித்துப் பிடித்து அரை மணி நேரம் கழுவிக்கொண்டே கண் மருத்துவரிடம் ஓடுங்கள். சுண்ணாம்பு ஆசிட்டை விடக் கண்ணை ஆழமாகத் துளைக்கும். ஆசிட் பட்டால் சோடா மாவைப் போட்டு முறிக்கலாம் என்பது தவறு, முறியும்போதே சூடு கிளம்பும். தண்ணீர் மட்டுமே.

பைக் சைலன்சரில் கெண்டைக்கால் பட்ட காயம் ரூபாய் நாணயம் அளவில்தான் இருக்கும். ஆனால் பல நேரம் நடுவில் முழு ஆழத்துக்கும் வெந்திருக்கும். பத்து நாளில் மூடாவிட்டால் காட்டுங்கள். எரிந்து முடிந்த கம்பி மத்தாப்பும் அதே ஜாதி: 1,000 டிகிரிக்கு மேல் எரிந்த கம்பி, நெருப்பு அணைந்தாலும் சூடு அணையாது, வெறுங்காலில் மிதிக்கிறார்கள். தண்ணீர் வாளி அந்தக் கம்பிகளுக்குத்தான். சர்க்கரை நோயாளிகள் சித்திரை வெயிலில் கோயில் பிராகாரத்துக் கருங்கல்லில் நடந்துவிட்டு, வீட்டுக்கு வந்து பாதத்தில் கொப்புளத்தைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்கிறார்கள். உணர்ச்சி மரத்த காலில் வெந்நீர்ப் பையும் அதையேதான் செய்யும். 60 டிகிரி வெந்நீர் பெரியவர் தோலை ஆழமாகப் பொசுக்க ஐந்து விநாடி போதும்; 70 டிகிரியில் ஒரு விநாடி. குழந்தையின் தோல் இன்னும் மெல்லியது. தீபாவளி எண்ணெய்க் குளியலுக்கு வாளியில் முதலில் பச்சைத் தண்ணீர், பிறகு வெந்நீர் என்று ஊற்றும் பழக்கம் ஒன்றே எத்தனையோ பிள்ளைகளைக் காப்பாற்றும்.

வீட்டிலேயே பார்த்துக்கொள்ளக்கூடிய சிறு காயத்துக்கு: சிறு கொப்புளத்தை உடைக்காதீர்கள். உடைந்திருந்தால் சோப்பும் சுத்தமான தண்ணீரும் விட்டுக் கழுவி, வாசலைன் தடவிய காஸ் (கட்டுப் போடும் மெல்லிய வலைத்துணி) இரண்டடுக்கு, அதன் மேல் உலர் காஸ், பிறகு சுற்றுத் துணி. நனையாவிட்டால் இரண்டு மூன்று நாளுக்கு ஒரு முறை மாற்றினால் போதும். தினமும் பிரிப்பது புதிதாக முளைக்கும் தோலைப் பிய்ப்பதற்குச் சமம். ஒட்டிக்கொண்டால் நனைத்து எடுங்கள். வலிக்கு பாராசிட்டமால், குழந்தைக்குக் கிலோவுக்கு 15 மில்லிகிராம், ஆறு மணி நேரத்துக்கு ஒரு முறை. டெட்டனஸ் தடுப்பூசி போட வேண்டுமா என்று கேளுங்கள். ஆன்டிபயாடிக் மாத்திரை தேவையில்லை. சிவப்பு சுற்றிலும் பரவினாலோ, நாற்றம் வந்தாலோ, அடங்கிய வலி திரும்பினாலோ தாமதிக்காதீர்கள். சிறு குழந்தைக்குக் காயம் எவ்வளவு சிறிதானாலும், முதல் சில நாட்களில் கடும் காய்ச்சல், உடம்பில் தடிப்பு, வாந்தி, பேதி, சோர்வு கண்டால் அன்றைக்கே கொண்டுவாருங்கள். கிருமியின் நஞ்சு ரத்தத்தில் கலந்த அறிகுறி அது, சில மணி நேரத்தில் கைமீறிவிடும்.

சாப்பாட்டில் பத்தியம் வைப்பதோடு எங்களுக்குத் தினம் ஒரு வாக்குவாதம். முட்டை, மீன், பருப்பு கொடுத்தால் சீழ் வைக்கும் என்று கஞ்சியும் ரசமும் மட்டும் தருகிறார்கள். பெரிய காயம் உள்ளவருக்கு ஒரு நாளைக்குக் கிலோவுக்கு ஒன்றரை முதல் இரண்டு கிராம் புரதம் வேண்டும். 60 கிலோ ஆளுக்கு 90 முதல் 120 கிராம். ஒரு முட்டையில் 6 கிராம்தான் இருக்கிறது. கணக்கை நீங்களே போட்டுக்கொள்ளுங்கள். கஞ்சியால் எட்டாது. புரதம் இல்லாமல் ஒட்டிய தோலும் பிடிக்காது.

மூன்று வாரத்தைத் தாண்டி ஆறும் காயம் பெரும்பாலும் தடித்த தழும்பாகும். ஆகவே இரண்டாம் வார முடிவில் ஆறும் அறிகுறி இல்லையென்றால் தோல் ஒட்டு வைப்பதைப் பற்றி மருத்துவர் பேசுவார். "இன்னும் கொஞ்ச நாள் பார்ப்போம்" என்று வீட்டுக்கு அழைத்துப் போய்விடாதீர்கள். தொடையிலிருந்து எடுப்பது தாள் கனமுள்ள மேல் படலம். எடுத்த இடம் இரண்டு வாரத்தில் தானே மூடிக்கொள்ளும்.

நோயாளிக்குச் சுகமாக இருக்கும் நிலையில்தான் உறுப்பு சுருங்கி ஒட்டும். கழுத்து வெந்தவருக்குத் தலையணை தராதீர்கள். அக்குள் வெந்தால் கையை உடம்போடு சேர்த்து வைக்காமல் பக்கவாட்டில் நீட்டி வையுங்கள். விரல்களைத் தனித்தனியாகக் கட்ட வேண்டும், சேர்த்துக் கட்டினால் வாத்தின் கால் போல ஒட்டிவிடும். முழங்கை, முழங்கால் மடங்கியே இருக்க விடாதீர்கள். பிசியோதெரபியில் பிள்ளை அழுகிறதென்று நிறுத்தினால் பின்னால் அறுவை சிகிச்சையில்தான் நிமிர்த்த வேண்டியிருக்கும்.

புண் முழுவதும் மூடிய பிறகு தேங்காய் எண்ணெயை எடுத்துக்கொள்ளலாம். அதற்கான நேரம் அப்போதுதான். ஒரு நாளைக்கு மூன்று நான்கு முறை மெல்ல அழுத்தித் தேய்த்தால் வறட்சியும் அரிப்பும் குறையும். அரிப்பு இரவில் அதிகம். நகத்தை வெட்டிவிடுங்கள், தூக்கம் கெட்டால் மாத்திரை கேளுங்கள். தழும்பை அமுக்கும் அளவெடுத்துத் தைத்த உடையைக் குளிக்கும் நேரம் தவிர நாள் முழுக்க, சுமார் ஒரு வருடம் போட வேண்டும். நம் வெயிலில் அது பெரிய சோதனை. இரண்டு செட் வாங்கி மாற்றி மாற்றித் துவைத்துப் போடுங்கள். மூன்று மாதத்துக்கு ஒரு முறை இறுக்கம் தளர்ந்திருக்கிறதா என்று காட்டுங்கள், தளர்ந்த உடையால் பலன் இல்லை.

இப்படிக்கு,
தீக்காயப் பிரிவுச் செவிலியர்கள் சிலர்,
சென்னை